மதிலுக்கு அந்தப் பக்கம் சுடுதண்ணீர்

"ஐயா, வீட்டிலை ஹீற் பம்ப் பூட்டினனீங்களாம்... இந்த வெக்கைக்கோ?"

போன சனிக்கிழமை, கொக்குவிலில் நான் வழக்கமாகப் பாண் வாங்கும் பேக்கரிக் கடையில், கடைக்காரர் கேட்டது. கடையில் நின்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மற்றவரின் காதுக்குள் ஏதோ சொன்னார். எனக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாது.

"தனிய இருக்கிற மனுசன்... பாவம்."

பாணை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாவம் என்பதற்கு எதிராக மேன்முறையீடு செய்யப் படிவம் எதுவும் இல்லை. ஹீற் பம்ப் பற்றிய சந்தேகத்தையாவது இங்கே தீர்த்து வைக்கலாம் அல்லவா?

முதலில் பின்னணி. நிர்வாக உத்தியோகத்தராக, ஊர் வாயில் ஏ.ஓ.வாக, இருந்து ஓய்வுபெற்றவன் நான். எந்தக் கோப்பையும் பின்னணியிலிருந்துதான் தொடங்கத் தெரியும்.

என் ஒரே மகள் நியூசிலாந்தில், ஒக்லாந்தில் இருக்கிறாள். மனைவி போய் நாலு வருடம். முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு மகள் வந்திருந்தாள், நாலு வயதுப் பேத்தியோடு. அது மார்கழி. எங்கள் மார்கழிக் குளிர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும் — துவாயைக் காதோடு சேர்த்துக் கட்டினால் முடிந்துவிடுகிற குளிர். ஆனால் விடிய ஆறு மணிக்குக் கிணற்றடியில் முதல் வாளியை ஊற்றியபோது பேத்தி போட்ட சத்தம் அடுத்த ஒழுங்கை வரைக்கும் கேட்டது. அன்றிரவே காய்ச்சல். மிச்சம் இருந்த நாட்களெல்லாம் மகள் கேத்திலும் கையுமாகவே நின்றாள்.

போகும்போது சொன்னாள்: "அப்பா, அடுத்த முறைக்குச் சுடுதண்ணிக்கு ஒரு வழி செய்து வையுங்கோ. பிள்ளை இஞ்சை வாறதெண்டால் பயப்பிடுறாள்."

வேண்டுகோள் ஒன்று கிடைத்தால் நடவடிக்கை எடுக்காமல் விட்டது என் சேவைக்காலத்திலேயே இல்லை. தாமதம் உண்டு. மூன்று வருடம் கழித்து, இந்த மார்கழிக்கு வருகிறோம் என்று மகள் சொன்ன அன்று கோப்பைத் திறந்தேன்.

மகள்தான் வழி சொன்னாள். ஒக்லாந்தில் பனி கொட்டாது. மழையும் ஈரமும் சேர்ந்து எலும்புக்குள் இறங்குகிற ஒரு மாதிரிக் குளிர். அங்கே அவளுடைய வீட்டைச் சூடாக்குவது ஒரு ஹீற் பம்ப். நெருப்பில்லை, புகையில்லை. வெளியே இருக்கிற காற்றில் உள்ள வெப்பத்தைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்து விடுகிறது. கோடையில் அதே இயந்திரம் மறுபக்கமாக ஓடி வீட்டைக் குளிராக்கும்.

குளிர்ந்த காற்றில் ஏது வெப்பம்? நானும் அதைத்தான் கேட்டேன். எந்தக் காற்றிலும் கொஞ்சம் வெப்பம் இருக்குமாம். தண்ணீர் உறைந்து கட்டியாகிற நாடுகளில் அந்தக் கொஞ்சத்தைத் தேடிப் பிடிக்க இயந்திரம் மூச்சு வாங்க வேண்டும். மிதமான குளிர் உள்ள ஊர்களில் ஆறுதலாக வேலை செய்யும். கரண்டும் மிச்சம்.

அப்படியென்றால் எங்கள் ஊர்? எங்கள் காற்றில் வெப்பத்துக்குப் பஞ்சமா? மார்கழியிலும் எடுக்க எடுக்கக் குறையாது. வீட்டைச் சூடாக்க நமக்குத் தேவையில்லை; தண்ணீரைச் சூடாக்குகிற ஹீற் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. ஆளுயரத் தண்ணீர்த் தாங்கி, மேலே ஒரு காற்றாடி. கூரையில் வைக்கிற சூரியத் தகடு கார்த்திகை மழையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சாதாரண ஹீற்றர் கரண்டைக் குடித்துத் தள்ளும். இது மழையிலும் ஓடும். அதே சுடுதண்ணீருக்குப் பாதிக்கும் குறைவான கரண்ட்தான்.

அதைப் பொருத்திப் பூட்ட வந்தவர் நீர்வேலி யோகன். ஐம்பது வயதைத் தாண்டியவர், பெரிய மீசை, சின்னக் குரல். மயிலிட்டியில் ஐஸ் தொழிற்சாலையில் பல வருடம் இயந்திரம் பார்த்தவர். நான் வாசித்து வைத்திருந்த பன்னிரண்டு பக்க விளக்கத்தை அவர் நின்ற நிலையில் முடித்துவிட்டார்.

"ஐயா, ஐஸ் மெசின் என்ன செய்யுது? தண்ணீன்ரை சூட்டை எடுத்து வெளியிலை எறியுது. உது வெளியிலை கிடக்கிற சூட்டை எடுத்துத் தண்ணிக்குள்ளை போடுது. அதே மெசின்தான், மற்றப் பக்கத்தாலை நிண்டு பாக்கிறம். அவ்வளவுதான்."

"அப்ப அது சூட்டை உண்டாக்கிறதில்லை?"

"இல்லை ஐயா. இருக்கிற சூட்டை இடம் மாத்துது."

இடமாற்றம்! என் வாழ்நாள் வேலை. எனக்கு இயந்திரம் உடனே பிடித்துவிட்டது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். விலை அதிகம். திறந்தவுடன் சுடாது, மணிக்கணக்காக மெதுவாகத்தான் சூடாக்கும். காற்றாடிச் சத்தம் உண்டு. காற்றோட்டமான இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சங்கதி குழாயிலும் வால்விலும் படியும். "இடைக்கிடை வால்வைப் பூட்டிப்போட்டுத் துப்புரவாக்க வேணும்," என்றார் யோகன். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அந்த வரி பிற்பாடு இவ்வளவு உதவும் என்று அப்போது தெரியவில்லை.

சமையலறைக்குப் பின்னால், பக்கத்து வீட்டு மதிலை ஒட்டினாற்போல் பூட்டினோம். இருநூறு லீற்றர். முதல் நாள் பின்னேரம் குழாயைத் திறந்து கையை வைத்தேன். சுட்டது. பேத்தி குளிக்க மிதமாகக் கலப்பதற்கு ஒரு சிறிய வாளியும் வாங்கி வைத்தேன். மஞ்சள் நிற வாளி.

கார்த்திகை கடைசியில் மகள் வட்ஸ்அப்பில் எடுத்தாள். முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. லீவு மறுக்கப்பட்டவர்களின் முகம் எனக்குப் பழக்கம்.

"அப்பா... புது வேலை எல்லே. முதல் வருசம் நீட்டு லீவு தரமாட்டினமாம்."

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்."

"கோபமே அப்பா?"

"என்னத்துக்குக் கோபம்? அந்தக் கதிரையிலை நான் இருந்தாலும் தந்திருக்க மாட்டன்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். உண்மையைத்தான் சொன்னேன். எத்தனை பேரின் லீவை வெட்டியிருப்பேன்? அவர்களுடைய அப்பாக்கள் எங்கெங்கே காத்திருந்தார்களோ... விண்ணப்பப் படிவத்தில் அதைச் சொல்ல இடம் விடப்பட்டிருக்கவில்லை.

பேத்தி திரைக்குள் தலையை நீட்டினாள். "அம்மப்பா, தண்ணி சுடுதோ?"

"ஓம் அம்மா. நல்லாச் சுடுது."

யாரும் வரவில்லை என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. அது தன் பாட்டில் நாளாந்தம் இருநூறு லீற்றரைச் சூடாக்கிக்கொண்டே இருந்தது. எனக்கு இரண்டு வாளி போதும். நிறுத்தியிருக்கலாம்தான். ஏனோ நிறுத்தவில்லை. வீட்டில் என்னைத் தவிர வேறொன்றும் மூச்சு விடுகிற சத்தம்... அது ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தச் சத்தத்துக்குத்தான் ஜெயசிங்கம் மாஸ்டர் வந்தார்.

அவர் மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மனைவி பெயர் றோஸ். ஒரு காலத்தில் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் மரக்கிளைகளை நட்ட கதியால் வேலி இருந்தது. வேலியில் ஒரு பொட்டு. குனிந்தால் ஆள் போய் வரலாம். ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியால்கள் என் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தன. மரங்களுக்குக் கால் முளைத்ததா, மாஸ்டருக்குக் கை நீண்டதா என்று அறிய நில அளவையாளரைக் கூப்பிட்டேன். அரை அடி. வரைபடம், அனுமதி, எல்லாம் முறைப்படி எடுத்து மதில் கட்டினேன். ஒரு விதியைக்கூட மீறவில்லை. அன்றிலிருந்து ஒன்பது வருடம் அவரும் நானும் கதைக்கவில்லை. என் மனைவி செத்த வீட்டுக்கு அவர் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. பொட்டு இல்லாதபடியால் றோட்டால் சுற்றி வந்தது.

அந்த மனிதர் இப்போது என் படலையைத் திறந்துகொண்டு வந்து நின்றார்.

"ஏ.ஓ. ஐயா, உது என்ன கண்டறியாத மெசின்? விடிய விடிய மதிலுக்குள்ளாலை உறுமுது. மனுசிக்கு நித்திரை இல்லை."

"முறைப்பாடெண்டால் எழுத்திலை தாங்கோ மாஸ்டர். பிரதேச சபைக்கு ஒரு பிரதி, எனக்கு ஒரு பிரதி. உங்களிட்டை ஒண்டு வைச்சிருங்கோ, பேந்து உதவும்."

"உங்களுக்கு எதிரா எழுதிறதுக்கு உங்களிட்டையே கேட்டு எழுதவோ?"

"என்னை விட்டால் ஊரிலை ஒழுங்காச் சொல்ல ஆரிருக்கினம்?"

அவர் சிரிப்பை மீசைக்குள் அடக்கினார். இயந்திரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். காற்றாடியின் முன்னால் கையை நீட்டினார். குளிர்காற்று. தாங்கியின் குழாயைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

"அட... வெளிக் காத்திலை இருந்து எடுத்துக் குடுக்குது. புத்தகத்திலை மட்டும் இருவது வருசம் படிப்பிச்சனான். இப்பதான் கையிலை சுடுது." தாங்கியை அடியிலிருந்து முடிவரை பார்த்தார். பிறகு, வேறு யாரிடமோ கேட்பது போல: "உதிலை ஒரு வாளி எடுக்கலாமே? றோசுக்கு மூட்டு வாதம். விடியச் சுடுதண்ணி ஊத்தினால்தான் காலை மடக்குவா. விறகுப் புகை இப்ப எனக்கு ஒத்துவருகுதில்லை."

அன்றே காற்றாடியை இரவில் ஓடாமல் பகலில் மட்டும் ஓடும்படி நேரத்தை மாற்றி வைத்தேன். தாங்கி சூட்டைக் காலை வரை வைத்திருக்கும். எழுத்து மூல முறைப்பாடு இல்லாமல் நான் நடவடிக்கை எடுத்த முதல் சந்தர்ப்பம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் படலை கிறீச்சிட்டது. இரண்டு வாளியோடு மாஸ்டர். வாளி நிரம்பப் பத்து நிமிடம் எடுக்கும். குழாயில் அழுத்தம் குறைவு. பத்து நிமிடமும் சும்மா நிற்க முடியுமா?

"இந்த அரை அடியிலை என்னத்தை நட்டனீங்கள்?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப என்னத்துக்கு வாங்கினனீங்கள்?"

"சட்டப்படி என்ரை."

"நல்லது. சட்டத்தை அவிச்சுச் சாப்பிடுங்கோ."

இப்படித்தான். மூன்றாம் நாள் பிளேன்ரீ போட்டு வைத்தேன். ஐந்தாம் நாள் அவர் பனங்கட்டி கொண்டுவந்தார். தண்ணீர் நிரம்பி வாளியின் வாயால் வழிந்து ஓடினாலும் இருவரும் குழாயைப் பூட்டுவதில்லை. பதினெட்டு நாள். எண்ணினேன் — எண்ணுவதற்கு வீட்டில் வேறு என்ன இருக்கிறது?

பத்தொன்பதாம் நாள் மழை. படலையடிச் சீமெந்தில் மாஸ்டர் சறுக்கி நிலத்தில் இருந்துவிட்டார். சுடுதண்ணீர் காலுக்கு ஒரு சாண் தள்ளி ஊற்றுண்டது. "தண்ணிதான் போச்சு, மனுசன் மிச்சம்," என்று எழும்பி முழங்கையைத் தட்டினார். நான் அன்று முழுக்க அதையே கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தைந்து வயது மனிதர், இரண்டு கையிலும் கொதிநீர், ஈரச் சீமெந்து. இது விபத்து அல்ல, திட்டமிடல் குறைபாடு.

குறைபாட்டுக்குத் தீர்வு உண்டு. மதிலில் ஒரு துவாரம், அதற்குள்ளால் ஒரு பைப், வெப்பம் போகாமல் சுற்றிவர உறை, என் பக்கம் ஒரு வால்வ், அவர் பக்கம் ஒரு குழாய். எல்லை மதில் என்பதால் எழுத்தில் சம்மதம் வேண்டும். "மேற்படி மதிலில் ஓர் அங்குலத் துவாரம் இடுவது தொடர்பாக" என்று கடிதம் எழுதி அவர் கையில் கொடுத்தேன். மறுநாள் பதில் வந்தது: "ஆட்சேபணை இல்லை. அரை அடியையும் தொட மாட்டேன்." கையொப்பம், திகதி, எல்லாம் சரி. யோகன் வந்து ஒரு பின்னேரத்தில் முடித்துவிட்டார். மாஸ்டர் தன் பக்கத்தில் நின்று குழாயைத் திறந்து, "வருது, வருது!" என்று கத்தினார். நானும் இந்தப் பக்கம் நின்று கை தட்டினேன்.

என் சேவைக்காலத்தில் இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலை முடிந்ததே இல்லை.

மறுநாள் ஆறு மணிக்குப் பிளேன்ரீயோடு நின்றேன். இரண்டு கோப்பை.

படலை சத்தம் போடவில்லை.

ஏன் போடும்? அவர் எதற்கு வர வேண்டும்? மதிலுக்கு அந்தப் பக்கம் குழாய் திறபட்டது. என் தண்ணீர் அவருடைய வாளிக்குள் விழுகிற சத்தம் கேட்டது. முதலில் வெறும் வாளியின் சத்தம், பிறகு பாதி வாளி, பிறகு நிரம்பிய வாளி. குழாய் பூட்டுப்பட்டது. ஒரு சொட்டும் வழியவில்லை. செருப்புச் சத்தம் வீட்டுக்குள் போனது.

இரண்டாவது கோப்பையையும் நானே குடித்தேன்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். மாஸ்டர் நன்றி கெட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும்போது படலையடியில் நின்று, "பெரிய உதவி ஐயா, பெரிய உதவி" என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் போனார். உள்ளே வருவதற்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். எங்கள் ஊரில் காரணமில்லாமல் ஒரு வளவுக்குள் போவதென்றால் சொந்தமாக இருக்க வேண்டும். அல்லது வேலியில் பொட்டு இருக்க வேண்டும். நான் இட்ட துவாரத்துக்குள்ளால் ஓர் அங்குலத் தண்ணீர்தான் போகும்.

மகள் எடுத்து, "மெசின் ஓடுதே அப்பா?" என்று கேட்டாள். "நல்லா ஓடுது. பக்கத்து வீட்டுக்கும் குடுக்கிறன்," என்றேன். "ஆ, நல்லது. அப்ப உங்களுக்கும் பொழுது போகும்," என்றாள். 

இப்படி இரண்டு கிழமை போன பிறகுதான் பாண் கடையில் அந்தப் "பாவம்" காதில் விழுந்தது.

ஞாயிறு முழுக்க யோசித்தேன். திங்கட்கிழமை விடிய ஐந்தரைக்குப் போய் வால்வைக் குறுக்காகத் திருப்பினேன். ஒரு கடதாசியில் "பராமரிப்பு வேலை நடைபெறுகிறது" என்று எழுதி வால்வில் கட்டினேன். அறிவித்தல் இல்லாமல் விநியோகத்தை நிறுத்துவது முறையல்ல. அறிவித்தல் என் பக்கத்து மதிலில் இருந்ததால் பாவனையாளரால் அதை வாசிக்க முடியாது என்பது உண்மைதான். வாசிக்க வேண்டுமென்றால் இங்கே வர வேண்டும்.

ஆறு மணி. அந்தப் பக்கம் குழாய் திறபட்டு, காற்றை விட்டு, பேசாமல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் படலை கிறீச்சிட்டது.

"என்ன ஏ.ஓ. ஐயா, மெசினுக்கு வருத்தமோ?"

"மெசினுக்கு ஒண்டும் இல்லை. பைப்பிலை சுண்ணாம்பு. துப்புரவாக்க வேணும்."

மாஸ்டர் வாளிகளைக் கீழே வைத்தார். கடதாசியைக் கண்ணாடி போட்டு வாசித்தார். வால்வைப் பார்த்தார். புத்தம் புதிய வால்வ். பூட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பௌதிகம் படிப்பித்தவருக்குச் சுண்ணாம்பு எத்தனை நாளில் படியும் என்று தெரியாதா?

என்னைப் பார்த்தார். நான் பிளேன்ரீயைப் பார்த்தேன்.

"ஓம்," என்றார் கடைசியில். "சுண்ணாம்பு பொல்லாதது. அவசரப்படக் கூடாது. ஆறுதலாப் பாருங்கோ."

வாளியைத் தாங்கிக் குழாயின் கீழ் வைத்துத் திறந்துவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு குந்தினார். தண்ணீர் நிரம்பி வழிந்தது.

அவர் எழும்பியபோது ஒரு வாளியை நான் தூக்கிக்கொண்டேன். சறுக்கிய சீமெந்தில் சாக்கு விரித்திருந்தேன். என்றாலும் இரண்டு வாளியை ஒருவர் தூக்குவது பாதுகாப்பு விதிக்கு முரண். றோட்டால் சுற்றி, ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவருடைய படலைக்குள் காலடி வைத்தேன். வாசலில் றோஸ் அக்கா கைத்தடியோடு நின்றா.

"ஆர் உது? மதில் கட்டின மகராசனோ? வழி தெரிஞ்சு வந்திட்டியள்!"

"உங்கடை மனுசன் காட்டினவர் அக்கா."

"பைப் எப்ப சரிவரும்?"

மாஸ்டர் வானத்தைப் பார்த்தார். அரச சேவை விதிக்கோவை முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்தவன் என்ற முறையில் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பராமரிப்பு வேலைக்குக் காலக்கெடு என்று ஒன்று அதில் எந்த இடத்திலும் குறிப்பிடப்படவில்லை.